புள்ளி நகர்ந்ததா?

“பாசிட்டிவ் சார். இடது பக்கம், கீழே.”

ஒரு ஞாயிறு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், சர்ஜனிடம் போனில் நான் சொன்னது இது. பதினான்கு வருஷம் ஆகிறது. சொல்லியிருக்கவே கூடாது. படத்தைப் பார்த்து முடிவு சொல்வது டெக்னாலஜிஸ்டின் வேலை இல்லை, டாக்டரின் வேலை. அதைவிடச் சங்கடம் என்னவென்றால், அது பாசிட்டிவே இல்லை.

நான் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட்; கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்திப் படம் எடுக்கிற துறை. இப்போது மதுரையில் வேலை. தெருவில் கேட்டால் “ஸ்கேன் எடுக்கிறவர்” என்பார்கள். எங்கள் அத்தை இன்னும் எக்ஸ்ரே என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். அந்த ராத்திரி நடந்தது வேறு ஊரில், வேறு மருத்துவமனையில். எங்கள் துறையை ராத்திரியில் திறப்பது அபூர்வம். எலும்பு ஸ்கேன், தைராய்டு ஸ்கேன் எல்லாம் காலையில் வந்து எடுத்துக்கொள்ளலாம். ராத்திரியில் ஆளை எழுப்பிக் கூட்டி வருவது குடலில் ரத்தம் கசியும்போதுதான். அது நம் வசதிக்குக் காத்திருக்காது.

வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வயது 61. சாயங்காலத்திலிருந்து மூன்று தடவை மலத்தோடு ரத்தமாகப் போயிருக்கிறது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியாயிற்று. வாய் வழியாக டியூப் விட்டுப் பார்த்ததில் வயிறு சுத்தம். கீழிருந்து கொலனோஸ்கோப்பி செய்யப் போனால் உள்ளே முழுக்க ரத்தம், எது எங்கே என்று தெரியவில்லை. சிறுநீரகம் சரியில்லை என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்ததால் சி.டி. ஆஞ்சியோவுக்கான மருந்தை ஏற்றத் தயங்கினார்கள். சரி, ஆர்.பி.சி. ஸ்கேன், அதாவது சிவப்பணு ஸ்கேன், எடுத்துவிடலாம் என்று எங்களிடம் அனுப்பினார்கள்.

இந்த ஸ்கேனின் யோசனை எளிமையானது. நோயாளியின் சொந்தச் சிவப்பணுக்களிலேயே டெக்னீசியம் என்கிற கதிரியக்கப் பொருளைக் கொஞ்சம் ஒட்டவைக்கிறோம். அது ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றும். எங்கே குழாய் உடைந்திருக்கிறதோ அங்கே குடலுக்குள் விழும். மேலே, அந்தக் கதிரைப் படம் பிடிக்கிற காமா கேமராவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால், விழுகிற இடம் புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கும். குடல் தள்ளத் தள்ள அந்தப் புள்ளி நகரும். நிமிஷத்துக்கு 0.1 மில்லி கசிந்தால்கூடப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. டிரிப் கணக்கில் சொன்னால் நிமிஷத்துக்கு இரண்டு சொட்டு. தொடை வழியாகக் குழாய் விட்டுச் செய்கிற ஆஞ்சியோகிராமில் தெரிய வேண்டுமானால் நிமிஷத்துக்கு அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வரையாவது போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இத்தனை கூர்மையான கண்ணில் ஒரு கோளாறு உண்டு. கேமராவுக்கு ரத்தம் தெரியாது. டெக்னீசியம் மட்டும்தான் தெரியும். அது சிவப்பணுவில் ஒட்டி வந்ததா, சிறுநீரில் கலந்து வந்ததா, இரைப்பை சுரந்து அனுப்பியதா என்று கேமரா கேட்காது. கேட்க வேண்டியவர்கள் நாம்.

நான் அன்றைக்குக் கேட்கவில்லை. ஒரு மணி நேரப் படத்தை ஐந்து ஐந்து நிமிஷமாகக் கூட்டி, அட்டை அட்டையாக வரிசையில் போட்டுப் பார்த்தேன். ஆறாவது கட்டத்தில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, இடது பக்கம், ஒரு புள்ளி. ஏழாவதிலும் இருந்தது. எட்டாவதில் இன்னும் கறுப்பாக இருந்தது. டெக்னீசியம் சேரச் சேர எங்கள் திரையில் கறுக்கும்; பேச்சில் அதையே வெளிச்சம் என்றும் சொல்வோம். இரண்டு மணி தூக்கக் கலக்கத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆளை எழுப்பி, துறையைத் திறந்து, இத்தனை பேரை முழிக்க வைத்துவிட்டு “ஒன்றும் தெரியவில்லை” என்று சொல்வது ஒரு மாதிரி தோல்வி போலத் தோன்றும். வார்டிலிருந்து ஏற்கெனவே நான்கு தடவை போன் வந்துவிட்டது. ஐந்தாவது போனை சர்ஜனே செய்தார். நான் வாயை விட்டேன்.

மேடம், அதாவது எங்கள் துறைத் தலைவர், இரண்டே முக்காலுக்கு வந்தார். ஸ்கூட்டரில் வந்திருந்தார், ஹெல்மெட்டைக் கழற்றி, கதிரியக்க மருந்து தயாரிக்கிற ஹாட் லேப் வாசலில் வைத்துவிட்டு, நின்றபடியே திரையைப் பார்த்தார்.

“எங்க நகருது, காட்டு.”

நான் எட்டாவது கட்டத்தைக் காட்டினேன்.

“இது போட்டோ. எனக்குப் படத்தை ஓட்டிக் காட்டு.”

படத்தின் ஒவ்வொரு ஃபிரேமும் பதினைந்து விநாடி. ஒரு மணி நேரத்தை அரை நிமிஷத்தில் ஓட்டலாம். ஓட்டினேன். புள்ளி வந்தது, கறுத்தது, அங்கேயே நின்றது. கொஞ்சம் கீழே இறங்கிய மாதிரி இருந்தது. திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். பிறகு வயிற்றை விட்டுவிட்டு, “கழுத்தை ஒரு படம் எடு” என்றார்.

குடலில் ரத்தம் போகிறவருக்கு எதற்குக் கழுத்து என்று எனக்குப் புரியவில்லை. எடுத்தேன். தைராய்டு பட்டாம்பூச்சி மாதிரி விரிந்து தெரிந்தது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பிகள். வயிற்றுப் படத்தின் மேல் ஓரத்தில் இரைப்பையும் மங்கலாகத் தெரிந்ததை அப்போதுதான் கவனித்தேன். அதுவரை கண்ணில் படவே இல்லை. தேடாதது தெரியாது.

“ஈயம் போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு டோஸ் போட்ட?”

இதை விளக்காமல் மேலே போக முடியாது. நம் வீட்டில் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கிறதே, அது காரீயம் இல்லை, வெள்ளீயம்; ஆங்கிலத்தில் டின். எங்கள் ஹாட் லேபில் இரண்டு ஈயமும் உண்டு. கதிரைத் தடுக்கிற குடுவைகளும் செங்கற்களும் காரீயம். சிவப்பணுவுக்குள் டெக்னீசியத்தைப் பிடித்து வைப்பது வெள்ளீயம். அதன் உப்பு சேர்ந்த ஒரு சின்னக் குப்பி மருந்தை, கதிரியக்கம் இல்லாததால் கோல்ட் கிட் என்போம், முதலில் ஊசியாகப் போடுகிறோம். வெள்ளீயம் சிவப்பணுக்களுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். ரத்தத்தில் வெளியே மிதக்கிற மிச்சம் கழிவதற்கு இருபது நிமிஷம், அரை மணி விட வேண்டும். அதற்குப் பிறகு டெக்னீசியம். நாங்கள் போடுகிற வடிவத்துக்குப் பெர்டெக்னிடேட் என்று பெயர். அது சிவப்பணுவுக்குள் போகும், வரும், தடையில்லை. ஆனால் உள்ளே ஈயம் இருந்தால் அதன் வேதி நிலையை மாற்றிவிடும். மாறியது ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும், வெளியே வராது. எலிப்பொறிக் கதவைச் சாத்துகிற வேலை ஈயத்துடையது.

ஈயம் இன்னும் வெளியே மிதந்துகொண்டிருக்கும்போதே டெக்னீசியத்தைப் போட்டால், கதவு வெளியிலேயே சாத்திக்கொள்கிறது. அந்த டெக்னீசியம் சிவப்பணுவுக்குள் போகவே போகாது. சிறுநீரகம் வடிகட்டி அனுப்பிவிடும்.

நான் எட்டு நிமிஷம்தான் விட்டிருந்தேன். வார்டிலிருந்து போன் மேல் போன்.

“எந்த லைன்ல போட்ட?”

கையில் ஏற்கெனவே குத்தியிருந்த ஊசிக்குழாயில், வென்ஃபிளானில். அடைத்துக்கொள்ளாமல் இருக்க நர்ஸ் அதில் ஹெப்பாரின் விட்டு வைத்திருந்தார். ஹெப்பாரினோடு சேர்ந்த டெக்னீசியமும் சிறுநீரகத்துக்குத்தான் போய்ச் சேரும்.

“ஜெனரேட்டரைக் கடைசியா எப்பக் கறந்தது?”

வெள்ளிக்கிழமை காலை.

மேடம் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஜெனரேட்டர் என்பது டெக்னீசியம் ஊறுகிற பெட்டி. உள்ளே மாலிப்டினம்-99 இருக்கும். அது 66 மணி நேரத்துக்குப் பாதியாகச் சிதைந்து டெக்னீசியம்-99எம் ஆகும். சலைனை ஊற்றி அதை வடித்தெடுக்கிறோம். எங்கள் துறைக்காரர்கள் அந்தப் பெட்டியை மாடு என்பார்கள், வடிப்பதைக் கறப்பது என்பார்கள். 99எம் ஆறு மணி நேரத்தில் பாதி பாதியாகக் கரைந்து வெறும் 99 ஆகிவிடும். அதிலிருந்து கேமராவுக்குத் தெரிகிற கதிர் எதுவும் வராது, ஆனால் வேதியியலில் இரண்டும் ஒன்றே. கறக்காமல் விட்டால் இந்த வெறும் 99 பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே போகும். ஈயத்துக்கு இரண்டும் ஒன்றுதான். யார் முதலில் வந்தாலும் கதவைச் சாத்திவிடும். பயனில்லாததற்குச் சாத்திவிட்டால் பயனுள்ளது வெளியே நிற்கும். எங்கள் அப்பத்தா, கன்று குடிக்காமல் மடி கட்டிப்போன மாட்டின் முதல் கறவையைத் தனிச் செம்பில் வைப்பார், காப்பிக்குச் சேர்க்க மாட்டார். எனக்கு அது அன்றைக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒரு முறை கறந்து தனியே வைத்துவிட்டு, சில மணி நேரம் பொறுத்து மறுபடி கறந்ததைப் பயன்படுத்தியிருக்கலாம். 24 மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது கறந்த ஜெனரேட்டரிலிருந்துதான் ஆர்.பி.சி. ஸ்கேனுக்கு எடுக்க வேண்டும் என்று படித்தும் இருந்தேன். பரீட்சைக்குப் படித்தது.

ஆக, மூன்று தப்பும் சேர்ந்து, பாதை தவறிய டெக்னீசியம் அவர் உடம்பில் ஏராளம். ஒட்டாத பெர்டெக்னிடேட்டை உடம்பு அயோடின் மாதிரி நடத்தும். தைராய்டு எடுத்துக்கொள்ளும், உமிழ்நீர்ச் சுரப்பி எடுத்துக்கொள்ளும், இரைப்பைச் சுவர் எடுத்துச் சுரக்கும். கழுத்துப் படம் அதற்குத்தான். கழுத்தில் தைராய்டு எரிகிறது என்றால், வயிற்றில் தெரிகிற எந்தப் புள்ளியையும் நம்பக் கூடாது. இரைப்பை சுரந்தது சிறுகுடலுக்கு இறங்கினால் இன்னும் மோசம். அது ரத்தம் மாதிரியே குடல் வழியாக நகரும். நகர்கிறதா என்று மட்டும் பார்க்கிறவர்களையும் ஏமாற்றிவிடும்.

“அவரை எழுப்பி ஒண்ணுக்குப் போயிட்டு வரச் சொல்லு. முடிஞ்சா நாலு அடி நடக்கட்டும்.”

இந்த இடத்தில்தான் எனக்கு முகம் எரிந்தது. ஸ்கேன் நடக்கும்போது அந்த ஐயா மூன்று தடவை கேட்டிருந்தார்: “தம்பி, ஒண்ணுக்கு முட்டுது, போயிட்டு வந்துரவா?” ஆடினால் படம் கெட்டுவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்று மூன்று தடவையும் சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அவரே சிரித்துக்கொண்டு, “பஸ்ஸுல முப்பது வருசம் அடக்கிப் பழக்கம்தான், பாத்துக்கலாம்” என்றார்.

நர்ஸும் நானும் பிடித்துக்கொள்ள, பாத்ரூம் வரை மெல்ல நடந்து போய் வந்தார். மறுபடி படுக்க வைத்து, முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் எடுத்தோம். புள்ளி இல்லை.

இடது சிறுநீர்க்குழாய், இடுப்பு எலும்பின் விளிம்பில் பெரிய ரத்தக் குழாயைத் தாண்டி உள்ளே இறங்கும் இடம் ஒன்று உண்டு. மூத்திரப்பை நிரம்பியிருந்தால் சிறுநீர் அங்கே தேங்கும். என்னுடைய “பாசிட்டிவ்” அதுதான். குடலுக்குள் விழுந்த ரத்தம் ஒண்ணுக்குப் போய்விட்டு வந்தால் மறையாது. முன்னாலோ பின்னாலோ தள்ளப்பட்டுக் குடலின் வளைவோடு போகும். போன வழியில் கொஞ்சம் சிந்தி வைக்கும். சிறுநீர்க்குழாய்ப் புள்ளி நேர்கோட்டில் கீழே போகும், பிறகு காணாமல் போகும்.

மேடம் அடுத்த அறைக்குப் போய் சர்ஜனிடம் பேசினார். கதவு சாத்தியிருந்தது. சர்ஜன் இடது பக்கப் பெருங்குடலை எடுப்பதற்குத் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லியிருந்தார் என்பது எனக்கு விடிந்த பிறகு தெரிந்தது. மேடம் வெளியே வந்து என்னைத் திட்டவில்லை. “இனிமே எனக்குப் போன் பண்ணு, அவருக்கு இல்ல” என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

அந்த ஐயாவுக்கு அதற்குள் ரத்தம் தானாக நின்றுவிட்டது. குடல் ரத்தப்போக்கில் இது சகஜம், வரும், நிற்கும், மறுபடி வரும். திங்கள் ராத்திரி எட்டு மணிக்கு மறுபடி வந்தது. இந்தத் தடவை எல்லாம் நிதானமாக. காலையில் கறந்த மாடு, சாயங்காலம் மறுபடி கறந்தது. புதிதாக ஒரு நரம்பைத் தேடி, ஹெப்பாரின் தொடாத ஊசி. ஈயம் போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். பிறகு டெக்னீசியத்தை நேராகப் போடாமல், மூன்று மில்லி ரத்தத்தை டெக்னீசியம் இருந்த சிரிஞ்சுக்குள்ளேயே இழுத்து, காரீயக் கவசத்தோடு பத்து நிமிஷம் மெதுவாக உருட்டி, ஒட்டிய பிறகு திருப்பிச் செலுத்தினோம். நேராகப் போடுகிற முறையில் 80 சதவீதம் ஒட்டினால் நல்லது என்பார்கள். இப்படிச் செய்தால் 90ஐத் தொடும். முழுக்க வெளியிலேயே குப்பியில் ஒட்டவைக்கிற கிட் இருந்தால் 95ஐத் தாண்டும். எங்களிடம் அப்போது அது இல்லை.

டோஸ் போடுவதற்கு முன் மேடம் சொன்ன இன்னொரு காரியத்தை நான் இன்றுவரை விடவில்லை: புது ஊசிக்கு முன்னால் ஐந்து நிமிஷம் ஒரு வெற்றுப் படம். முதல் நாள் மிச்சம் குடலில் எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள. 18 மணி நேரத்தில் அது எட்டில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும், ஆனாலும் இருக்கும். தெரியாமல் விட்டால் அதுவும் ஒரு “புள்ளி”.

முப்பத்தைந்தாவது நிமிஷம் வலது பக்கம் கீழே மங்கலாக ஏதோ வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, மேலே ஏறி, கல்லீரலுக்குக் கீழே வளைந்து, குறுக்கே திரும்பியது. பெருங்குடலை யாரோ பேனாவால் வரைந்து காட்டுகிற மாதிரி இருந்தது. கழுத்தில் தைராய்டு இல்லை. வலது பக்கம். நேற்று நான் சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம். வலது பெருங்குடலை எடுத்தார்கள். உள்ளே ஆஞ்சியோடிஸ்பிளேசியா என்கிற, சுவரில் பலவீனமாக விரிந்த சின்ன ரத்தக் குழாய்க் கொத்து இருந்தது. பத்து நாளில் வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பொய்ப் புள்ளிகளைப் பார்த்தாயிற்று. ஒரு தாத்தாவுக்கு வலது இடுப்பில் புள்ளி. வேட்டியில் ரெண்டு சொட்டு மூத்திரம் பட்டிருந்தது, அவ்வளவுதான். வேட்டியை மாற்றித் துடைத்ததும் போய்விட்டது. அதிலிருந்து, சந்தேகம் வந்தால் துணியை மாற்றாமல் அடுத்த படம் எடுப்பதில்லை. சிறுநீரகம் மாற்றி வைத்தவர் ஒருவர், அதைச் சீட்டில் எழுதாமலே அனுப்பியிருந்தார்கள். இடுப்புக் குழியில் பெரிய வெளிச்சம். சட்டையைத் தூக்கித் தழும்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. கல்லீரலில் ஹீமாஞ்சியோமா என்கிற ரத்தக் குழாய்க் கட்டி, கூடுதலாக ஒரு குட்டி மண்ணீரல், புடைத்த ரத்தக் குழாய் என்று ரத்தம் தேங்குகிற எதுவும் இந்த ஸ்கேனில் பளிச்சிடும். இவை பெரும்பாலும் முதல் படத்திலிருந்தே இருக்கும், ஹீமாஞ்சியோமா மட்டும் மெல்ல மெல்ல நிறையும்; ஆனால் ஒரு மணி நேரம் கழித்தும் எதுவும் இடம் மாறாது. டயாலிசிஸில் இருக்கிற ஒருவருக்குப் பித்தப்பை தெரிந்தது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு, சிதைந்த ஹீமோகுளோபினோடு டெக்னீசியம் பித்தத்தில் போய்ச் சேரலாம். அங்கிருந்து குடலுக்கு இறங்கினால் யாரும் ஏமாறுவார்கள்.

வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் எழுதாத ஒன்றும் உண்டு, எழுதிவிடுகிறேன். ஆண்களுக்கு ஆண்குறியிலும் ரத்தம் தேங்கும். முன்பக்கப் படத்தில் அது மலக்குடல் இருக்கிற இடத்தில்தான் விழும். அதைப் பார்த்து மலக்குடலில் ரத்தம் என்று நினைத்தவர்கள் உண்டு. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் தீர்ந்தது: முன்னால் இருப்பது எது, மூத்திரப்பை எது, பின்னால் மலக்குடல் எது என்று தனித்தனியாகப் பிரிந்துவிடும். பெண்களிடம் மாதவிலக்கா என்று கேட்க வேண்டும். கருப்பையும் வெளிச்சமாகத் தெரியும். இதை நான் கேட்பதில்லை, எங்கள் சிஸ்டர் கேட்பார். கேட்காமல் விட்டதால் ஒரு இளம்பெண்ணை ஒரு மணி நேரம் கூடுதலாகப் படுக்க வைத்திருக்கிறோம்.

குழந்தைகள் விஷயம் வேறு. வலியில்லாமல் மலத்தில் ரத்தம் போகிற சின்னப் பிள்ளைக்கு முதலில் நினைப்பது மெக்கல் பை. நூற்றில் இரண்டு பேருக்குச் சிறுகுடலில் இருக்கிற பிறவிப் பிதுக்கம். அதில் இரைப்பைத் திசு ஒட்டியிருந்தால் அமிலம் சுரந்து பக்கத்துச் சுவரைப் புண்ணாக்கும். அதைத் தேடும் ஸ்கேனில் ஈயமே கிடையாது, வெறும் பெர்டெக்னிடேட். ஆர்.பி.சி. ஸ்கேனில் நாம் விரட்டுகிற அதே இரைப்பை வெளிச்சம்தான் இங்கே வேண்டியது. அதனால் இரண்டும் எடுக்க வேண்டியிருந்தால் மெக்கலை முதலில் எடுக்க வேண்டும். முறை மாறி ஈயம் போட்டுவிட்டால் அது நாள்கணக்கில் சிவப்பணுக்களில் இருக்கும்; பிறகு போடுகிற பெர்டெக்னிடேட் எல்லாம் ரத்தத்திலேயே மாட்டிக்கொள்ளும். இங்கேயும் சிறுநீர்க்குழாய் வந்து குட்டையைக் குழப்பும். மெக்கல் பை இரைப்பையோடு சேர்ந்தே தெரிய ஆரம்பித்து, இரைப்பை கறுக்கக் கறுக்கத் தானும் கறுக்கும். சிறுநீர்க்குழாய் வரும், போகும்.

பழைய கதை ஒன்று. 1977இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அபாஸ் அலாவியும் அவர் கூட்டாளிகளும் இந்த வேலையைச் சிவப்பணு இல்லாமலே செய்து காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்தியது டெக்னீசியம் சல்ஃபர் கொலாய்டு. அதைக் கல்லீரலும் மண்ணீரலும் சில நிமிஷத்தில் ரத்தத்திலிருந்து உறிஞ்சிவிடும். பின்னணி சுத்தமாகி, கசிந்த இடம் மட்டும் பளிச்சென்று நிற்கும். ஒட்டுவது ஒட்டாதது என்ற தொல்லையே இல்லை. ஆனால் அந்தச் சில நிமிஷத்தில் ரத்தம் கசியாவிட்டால் வாய்ப்பு போயிற்று. சிவப்பணு முறை 1979 வாக்கில் வந்தது; அதில் 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

அந்த 24 மணி நேரம்தான் எனக்குப் பிடிக்காத சமாசாரம். “காலையில ஒரு படம் எடுத்துப் பாத்துருவோம்” என்று சொல்வார்கள். காலையில் பெருங்குடலில் வெளிச்சம் இருக்கும்தான். ராத்திரி எப்போதோ, எங்கேயோ கசிந்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். சிறுகுடலில் கசிந்தது வலது பக்கம், பெருங்குடல் தொடங்குகிற சீக்கத்தில் போய்க் குளமாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு வலது பெருங்குடல் என்று சொன்னால் ரத்தம் நிஜம், இடம் பொய். சர்ஜனுக்கு இடம்தான் வேண்டும். என்னைக் கேட்டால், காலையில் தனியாக ஒரு படம் எடுப்பதற்குப் பதில், மறுபடி ரத்தம் போனதும் கூப்பிடுங்கள், வந்து அரை மணி ஓட்டிப் பார்க்கிறேன் என்பேன். இப்போது ஸ்பெக்ட்-சி.டி. இருப்பதால், புள்ளி தெரிந்த உடனே முப்பரிமாணத்தில் எடுத்து சி.டி. மேல் பொருத்திப் பார்த்துவிடலாம். குடலா, குழாயா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் தைராய்டு எரிகிற கேஸில் ஸ்பெக்ட்-சி.டி. என்ன செய்யும்? இரைப்பை சுரந்தது சிறுகுடலுக்குள் இருப்பதை மிகத் துல்லியமாகச் சிறுகுடலுக்குள் காட்டும்.

போன மாதம் எங்கள் ஜூனியர் பையன் ராத்திரி ஒன்றரைக்குப் போன் செய்தான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

“அண்ணா, ஒரு புள்ளி. கீழ, நடுவுல.”

“ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாரா?”

“வந்துட்டாரு. இருக்கு. துணியும் மாத்தியாச்சு.”

“பக்கவாட்டுல?”

“பின்னால இருக்குண்ணா. மலக்குடல் பக்கம்.”

“கழுத்து?”

“சுத்தம்.”

“நகருதா?”

“நகருதுண்ணா. ஆனா மேல போகுது. இடது பக்கமா ஏறுது.”

அது சரிதான். குடலுக்குள் விழுந்த ரத்தம் கீழேதான் போக வேண்டும் என்று சட்டம் இல்லை, பின்னோக்கியும் தள்ளப்படும். நான் எழுந்து சட்டையைத் தேடிக்கொண்டே கேட்டேன்: “சர்ஜன் கிட்ட ஏதும் சொன்னியா?”

“இல்லண்ணா. டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டு இருக்காங்க. உங்ககிட்ட சும்மா சொல்லலாம்னுதான்.”